தூங்கும்போதே பணம்

"தூங்கும்போதே சம்பாதிப்பது எப்படி?" என்று ஆன்லைனில் கோர்ஸ் விற்கிறவர் குருபரன். கட்டணம் அவர் போனுக்குத்தான் வரும். கட்டியவரை வகுப்பில் சேர்ப்பது மட்டும் உதவியாளர் ஜெசிந்தாவின் வேலை. பணம் வந்ததா என்று கேட்டாலோ எரிந்து விழுவார்.

"கட்டினவன் காத்திருக்கக் கூடாது. கட்டாதவன் உள்ளே வரக் கூடாது. என்னையும் தொந்தரவு பண்ணக் கூடாது!"

தினமும் இதையே கேட்டுக் காது புளித்துப்போன ஜெசிந்தா, "சரி சார்" என்றாள். பணம் கட்டியவர்கள் கூப்பிட வேண்டிய எண்ணாக, கோர்ஸ் விளம்பரத்தில் அவர் எண்ணையே போட்டுவிட்டாள்.

மறுநாள் நேரலை வகுப்பு. "நீங்கள் தூங்குங்கள், பணம் தானாக வரும்" என்று அவர் ஆரம்பித்ததுமே, காலையிலிருந்து ஓயாத போன் மறுபடி அடித்தது. "சார், பணம் வந்துச்சா?" வைத்ததும் அடுத்தவன்.

குருபரன் வகுப்பையே மறந்து கத்தினார்: "ஜெசிந்தா! காலையிலேருந்து கண்ணை மூட முடியலை!"

எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்: "நீங்களும் தூங்கிட்டா, வந்த பணத்தை யார் சார் பார்க்கிறது?"