கற்கண்டுக்கு வந்த எறும்பு

தூத்துக்குடியில் ஜெசிந்தா டீச்சரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சுயம்புலிங்கம்தான் மூத்தவர். டீச்சருக்கே அவர் அண்ணாச்சி.

கதை வேண்டாம், ஆள் வேண்டாம், நிறங்கள் மட்டும் அசைகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டி, பெரிய கலைடாஸ்கோப் ஒன்று செய்தார். ஒரு முனையில் வளையல் துண்டுகள் போட்ட டப்பி, அதற்குப் பின்னால் பல்பு. மறுமுனையில் கேமரா. டப்பியைத் திருப்பத் திருப்ப, பூவுக்குள் பூவாக விரியும்.

எடுத்தவரைக்கும் வீட்டில் போட்டுக் காட்டினார்.

"கோலப் புஸ்தகத்தையா படம் புடிச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

மனுஷருக்குச் சுருக்கென்றது. மறுநாள் சாயங்காலம் வகுப்பில் எல்லார் முன்னாலும் திரையிட வேண்டுமே! மினுமினுப்பாவது கூடட்டும் என்று, வகுப்புக்குத் திரும்பி வந்து, இருட்டறையில் டப்பிக்குள் கொஞ்சம் கற்கண்டு போட்டு மூடினார். கற்கண்டோடு ஓர் எறும்பும் உள்ளே போனதை அவர் கவனிக்கவில்லை.

பல்பைப் போட்டு, சற்று நேரம் கழித்துக் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தவர் துள்ளிவிட்டார்.

"டீச்சர், ஓடி வாங்க! பூவுக்கு உயிர் வந்துட்டு!"

ஜெசிந்தா டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். இதழுக்கு இதழ் ஓர் எறும்பு. எல்லாம் ஒன்றாக நடுவுக்கு ஓடின, ஒன்றாகப் பிரிந்தன.

"என்ன ஆட்டம் ஆடுது பாத்தீங்களா?"

"ஏன் அண்ணாச்சி ஆடுது?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. "கற்கண்டு கிடைச்ச சந்தோஷமா இருக்கும்."

"டப்பி மேல கைய வைங்க."

வைத்தவர் விருட்டென்று இழுத்துக்கொண்டார். விரலை ஊதினார்.

"இதுக்காக வெளிச்சத்தை அணைச்சா படம் போயிருமே, டீச்சர். இப்பத்தானே உருப்படியா ஒண்ணு வந்திருக்கு. இன்னும் ரெண்டே நிமிஷம்."



திரையில் ஓட்டம் கூடியிருந்தது. முன்னைவிட அழகாகவும் இருந்தது. அண்ணாச்சியால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அதுவும் ஒத்தை எறும்புதானே டீச்சர்? மத்ததெல்லாம் வெறும் கண்ணாடி."

"ஆமா அண்ணாச்சி. நூறு ஆடுது. ஒண்ணுக்குத்தான் சுடுது."

சுயம்புலிங்கம் பல்பை அணைத்தார். இருட்டில் அவர் கை டப்பியின் மூடியைத் தேடியது.