முழுப் பவர்

கரூரில் கம்பெனிகளுக்கு வைஃபை பெட்டி மாட்டிக் கொடுப்பவள் தமயந்தி. அவளிடம் இரண்டு பேர் தொழில் படித்தார்கள்.

ஒருவர் நாச்சிமுத்து. தமயந்தியை விட வயதில் மூத்தவர். பாதி ஆயுசு கேபிள் டிவி ஒயர் இழுத்துவிட்டு, அந்தத் தொழில் படுத்ததும் இவளிடம் வந்து சேர்ந்தார். இன்னொருத்தி சுகந்தி. செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவள், போன தீபாவளிக்குத்தான் வந்தாள்.

தமயந்தியிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பெட்டிகளும் எல்லோருடைய லேப்டாப்பிலும் தெரியும். எந்தப் பெட்டி எவ்வளவு பவரில் ஓடுகிறது, அதில் எத்தனை போன், எத்தனை ஸ்கேனர் ஒட்டியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் கை வைப்பது மாட்டியவர் மட்டும்தான்.

"புள்ளை அழுதா பெத்தவளத்தான் கூப்புடோணும். பக்கத்து வீட்டுக்காரி பால் குடுக்கப் போகக் கூடாது" என்பாள்.

திரைச்சீலை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை வந்தது. தையல் ஹால் நாச்சிமுத்துவுக்கு. அடுத்திருந்த பேக்கிங் ஹால் சுகந்திக்கு. நடுவில் ஒரு பெரிய கதவு, எப்போதும் திறந்தே கிடக்கும்.

வேலை முடிந்ததும் முதலாளி தமயந்தியிடம் சொன்னார்.

"பின்னாடி புதுக் கட்டடமும் எழுப்பறோம். உங்க ஆளு ஒருத்தர் இங்கயே பொறுப்பா இருந்து பாத்துக்கட்டும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை சொல்றேனுங்க."

நாச்சிமுத்துவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. ஏணியில் ஏறும்போது பல்லைக் கடிப்பார், இறங்கும்போது சாமி பெயரைச் சொல்வார். ஒரே இடத்தில் இருந்து பார்க்கும் வேலை இனி எங்கே கிடைக்கும்? வெள்ளிக்கிழமையை நினைத்து அவருக்குத் தூக்கம் வரவில்லை.

லேப்டாப்பைத் திறந்தார். சுகந்தியின் பெட்டியில் கூட்டம். அவருடையதில் ஏழெட்டு.

மறுநாளும் திறந்தார். அதே கதைதான்.

தையல் ஹால் சூப்பர்வைசர் காளியம்மாள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னுங்கண்ணா, அந்தப் புள்ள கடையில கூட்டம் அள்ளுது. உங்க கடையில ஈ ஓட்டறீங்களாட்ட இருக்குது."

"போம்மா, போய் வேலையப் பாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவருக்கு அது முள்ளாகத் தைத்து நின்றது.

தமயந்தியிடம் போய்க் கேட்டார்.

"அம்மிணி, ரெண்டு பேரும் ஒரே பெட்டியத்தான மாட்டுனோம். அவளுக்கு மட்டும் ஏனுங்க அத்தன சேருது?"

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ணலீங்க. கண்ணு தானாப் போகுது."

"கண்ணை இழுத்துப் புடிச்சுக்கோங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை, நாச்சிமுத்து தன் பெட்டிகளின் சிக்னல் பவரை முழுசாகக் கூட்டினார்.

கொஞ்ச நேரம்தான். அவர் பக்கத்து எண் மெல்ல ஏறியது. சுகந்தி பக்கம் இறங்கியது. கதவைத் தாண்டி, பேக்கிங் ஹால் ஸ்கேனர்கள் ஒவ்வொன்றாக அவர் பெட்டியில் வந்து ஒட்டின. பொங்கிவரும் பானையைப் பார்ப்பதுபோல அவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சாப்பிடாதது கூட மறந்துபோனது.

பேக்கிங் ஹாலில் வேலை நின்றது.

அட்டைப்பெட்டி கட்டும் பெண்கள் பார்கோடு ஸ்கேனரை உயர்த்திப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், புடவையில் துடைத்துப் பார்த்தார்கள். சிக்னல் கோடு முழுசாக நின்றது. ஒரு கட்டுக்கூடக் கணக்கில் ஏறவில்லை. வாசலில் தூத்துக்குடி லாரி காத்திருந்தது.

"சுகந்தி, உன்ற பெட்டி தூங்குதா?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. என்னத்தக் கெடுத்து வெச்ச?"

"பட்டன் போன் ரிப்பேர் பண்ணுனவளக் கூட்டிட்டு வந்து வுட்டா இப்படித்தான்."

சுகந்தி லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி கதவருகே வந்தாள்.

"அண்ணா, உங்க பக்கம் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"நானா? நான் ஏன் கண்ணு தொடறேன்?"

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சரிங்கண்ணா" என்றாள். திரும்பிப் போய்த் தமயந்திக்குப் போன் போட்டாள். "அக்கா, பேக்கிங்ல வேலை நின்னு போச்சு. கொஞ்சம் வாங்க" என்பதோடு சரி.

தமயந்தி வந்தாள். சுகந்தியின் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சுகந்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே தையல் ஹாலுக்குப் போனாள்.

தையல் ஹாலின் கடைக்கோடியில் ஒரு மேஜையும் மைக்கும் உண்டு. ஷிப்ட் முடிவதை அதில்தான் அறிவிப்பார்கள். இரண்டு ஹாலிலும் ஒலிபெருக்கி அலறும்.

"நாச்சிமுத்தண்ணா, இப்படி வாங்க. அந்த மைக்கை எடுங்க."

"எதுக்குங்க அம்மிணி?"

"பேக்கிங் ஹால்ல முன் மேஜைல பார்வதி நிக்கறா பாருங்க, பச்சச் சேலை. காத்தால என்ன சாப்ட்டான்னு கேளுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

நாச்சிமுத்து மைக்கை எடுத்தார். தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பே கூரை வரை போனது.

"பார்வதி... காத்தால என்னம்மா சாப்ட்ட?"

இரண்டு ஹாலும் கொல்லென்று சிரித்தது. தூரத்தில் பார்வதியின் வாய் அசைந்தது. நடுவில் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"என்ன சொன்னா?"

"கேக்கலீங்களே."

"மறுக்காக் கேளுங்க. இன்னுங் கொஞ்சம் சத்தமா."

அவர் மறுபடி கேட்டார். ஒலிபெருக்கி கீச்சென்றது. பார்வதி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. குரல் வந்து சேரவில்லை.

"இப்ப?"

"எப்படிங்க கேக்கும்? மைக்கு எங்கிட்டத்தான இருக்குது. அவகிட்ட இல்லியே."

"ஸ்கேனர்கிட்டயும் இல்லீங்கண்ணா. அது சொல்றதும் உங்க பெட்டிக்குக் கேக்காது" என்றாள் தமயந்தி.

நாச்சிமுத்து மைக்கைக் கீழே வைத்தார்.

அப்போது காளியம்மாள் கணக்கு ஏற்றும் தன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இதுவும் காத்தால இருந்து சுத்திக்கிட்டே கெடக்குது. எந்த லைன்ல எத்தன முடிஞ்சுதுன்னு ஒண்ணுமே ஏத்த முடியல."

"எங்கிட்ட அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வந்தனே. உங்க பின்னாடி வந்து நின்னேன். நீங்க அந்தத் திரையப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தீங்க. வூட்ல ஏதோ நல்ல சேதியாட்ட இருக்குதுன்னு போயிட்டேன்."

வந்து ஒட்டிய கூட்டத்தில் தன் ஹால் டேப்புகளுக்கே வழியில்லை என்று புரிய, நாச்சிமுத்து லேப்டாப்பைத் திறந்தார். பவரைப் பழைய அளவுக்கு இறக்கினார்.

பேக்கிங் ஹாலில் ஒரு ஸ்கேனர் பீப் என்றது. பிறகு இன்னொன்று. பிறகு மழை பிடித்ததுபோல எல்லாம். காளியம்மாளின் டேப் சுற்றுவது நின்றது. "ஆச்சுங்கண்ணா" என்று அவள் போனாள். லாரி சாயங்காலத்துக்குள் கிளம்பியது.

திரையில் சுகந்தி பக்கத்து எண் ஏறிக்கொண்டே போனது. தப்பு தெரிந்த பிறகும் நாச்சிமுத்துவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவைத்தார்.

வெள்ளிக்கிழமை தமயந்தி முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தாள். நாச்சிமுத்து படியருகே நின்றிருந்தார்.

"யாருன்னு சொன்னீங்க அம்மிணி?"

"சுகந்தின்னு சொன்னேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குத்தான் கூட்டம் சேருதுன்னா?"

"பேக்கிங்ல ஆளுக்கொரு ஸ்கேனருங்க. தையல்ல ரெண்டு கையும் துணி மேல. போனை கேட்லயே வாங்கி வெச்சுக்கறாங்க. உங்க ஹால்ல இருக்கறதே அந்த ஏழெட்டு டேப்புத்தான். அதுல ஒண்ணுகூட நேத்து வரைக்கும் நின்னதில்ல."

அவர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நான் பவரைக் கூட்டுனதுக்குத்தான்."

"கூட்டுனா எறக்கிக்கலாம். அதுக்காக ஆரு உங்களுக்கு வேலை இல்லைன்னு சொல்லுவாங்க?"

"பின்ன, தொடலன்னு பொய் சொன்னதுக்கா?"

தமயந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆருகிட்டச் சொன்னீங்க?"

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"சுகந்தி சொல்லலீங்களா?"

"இல்ல."

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்துவின் குரல் தாழ்ந்தது.

"அப்ப எதுக்குத்தானுங்க அவளுக்கு?"

"உங்க பெட்டி முழுப் பவர்ல இருக்கறது அவ திரையில தெரிஞ்சுதுங்கண்ணா. நான் வர்ற வரைக்கும் அத்தன பேரும் ஏசுனாங்க. அவ பெட்டி அவ கையில. அவளும் முழுசாக் கூட்டியிருந்தா ஸ்கேனரெல்லாம் அவகிட்டத் திரும்பியிருக்கும். லாரி கெளம்பியிருக்கும். அப்பறம் ரெண்டு பெட்டியும் கத்துற கத்துல தையல் பக்கம் காளியம்மா டேப்பு சுத்தமா நின்னிருக்கும்."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"ஏச்சு வாங்கிட்டே நின்னா. கூட்டல."