தூதர் குடித்த காப்பி

லெபனான் மலையில், மேகம் சன்னல் வழியே உள்ளே வந்து போகும் சின்ன மடம் ஒன்று. அங்கே துறவி யோவாகிமுக்கு ஒரே சீடர், ஷுக்ரி தன்னூஸ். மூன்று நாடுகளில் தூதராகவும், இரண்டு முறை அமைச்சராகவும் இருந்தவர். குருவைவிட இருபது வயது மூத்தவர். வெங்காயம் உரிக்க மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை.

"நேற்றும் அதே கனவு, சாமி. கையில் காப்பிக் கோப்பை. குடிக்கக் குடிக்கத் தீரவே இல்லை."

"யார் கொடுத்த கோப்பை?"

தன்னூஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

"உள்நாட்டுப் போர் சமயம். ஒன்பது பேரைக் கடத்திவிட்டார்கள். அவர்களைக் கேட்டு வாங்கிவர, கடத்திய தளபதியின் வீட்டுக்கு அரசு என்னை அனுப்பியது. காப்பி வந்தது."

மேகம் உள்ளே நுழைந்தது. கொஞ்ச நேரம் குரல்கள் மட்டும்தான் அங்கே இருந்தன.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைக் கேட்டு வந்தவர், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எதிரில் வைத்துவிடுவார். 'சரி, தருகிறேன்' என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கையில் எடுப்பார். முன்பே குடித்துவிட்டால், கேட்டதை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"நீங்கள்?"

"குடித்துவிட்டேன். பதினைந்து வருட வெளிநாட்டு விருந்துப் பழக்கம். குடித்துவிட்டு, அருமை என்று வேறு சொன்னேன். தளபதி சிரித்தார். அப்புறம் மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார்."

"அந்த ஒன்பது பேர்?"

"வரவில்லை."

யோவாகிம் அடுப்பைப் பற்றவைத்தார்.

"அவர்களில் ஒருவனுடைய தாய் வர்தா," என்றார் தன்னூஸ். "கீழே ஊரில் இருக்கிறார். மகன் வருவான் என்று ஞாயிறுதோறும் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். அவர் தலை தெரிந்தால் நான் சமையலறைக்குள் ஒளிந்துகொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எனக்கு மன்னிப்பு உண்டா, சாமி?"

யோவாகிம் காப்பியை ஊற்றி நீட்டினார். தன்னூஸ் வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

"கேட்டது கிடைத்துவிட்டதா?"

தன்னூஸ் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"வர்தா வீட்டிலும் காப்பி கொடுப்பார்கள்," என்றார் யோவாகிம். "நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு மன்னிப்பைக் கேளுங்கள்."

"அவர் பதிலே சொல்லாவிட்டால்?"

"காப்பி ஆறும். உட்கார்ந்திருங்கள்."

"எவ்வளவு நேரம் சாமி?"

"அந்த அம்மா முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார்."