சொல்லாமல் வராத வாள்

வேங்கைக்குடியின் கிழக்கு ஓரத்தில், தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சிறு வீடு. அங்கே வாளுக்கு உறை தைத்துப் பிழைத்தவர் பூவணனார். ஆவாரம்பட்டைச் சாறு ஏறி அவர் கைகள் முழங்கை வரை கறுத்திருக்கும். குத்தூசியை எடுக்குமுன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார். பிறகு ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சிவாயநம. ஒரு தையலில் நாமம் விட்டுப்போனால் அதைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்.

தோல் நாற்றம் என்று அவரைக் கோயில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். "செத்த மாட்டுத் தோலுக்கு மந்திரம் ஓதுறாரு பாரு" என்று தெருவே சிரிக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவர் மூட முயன்றதும் இல்லை.

அவர் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. உறையின் வாயில் பித்தளை வளையம் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். வாளை உருவும்போது அலகு அதில் உரசிச் சரக்கென்று ஒலிக்கும். எதிரே நிற்பவனுக்கு அது எச்சரிக்கை. வாள் சொல்லாமல் வரக்கூடாது என்பது அவர் தந்தை கற்பித்த முதல் பாடம்.

மார்கழி பிறந்த ஒரு காலையில் படைத்தலைவன் கண்டராயன் அவர் வாசலில் வந்து நின்றான். ஆள் அனுப்பாமல் அவனே வந்தது நல்லதற்கில்லை என்று பூவணனாரின் மனம் சொன்னது.

"திருவாதிரைக்குள்ள இந்த வாளுக்கு உறை வேணும். உள்ள மான்தோல் வச்சுத் தை. வளையம் கூடாது. உருவினா காத்துக்குக்கூடக் கேக்கப்படாது."

போர்க்களத்துக் கூச்சலில் வாளின் ஓசையை யார் மறைக்கப் போகிறார்கள்? ஒருவன் முதுகுக்குப் பின்னே நிற்பவனுக்குத்தான் ஓசையில்லாத வாள் வேண்டும். திருவாதிரையன்று சிற்றரசர் அதிமாறர் வெறுங்கையோடு கருவறை முன் வணங்குவார். அவர் பின்னே வாளோடு நிற்கும் உரிமை படைத்தலைவன் ஒருவனுக்கே உண்டு.

"வளையம் இல்லாம எங்க வீட்டுல உறை தச்சதில்லீங்க, ஐயா."

கண்டராயன் சிரித்தான். தண்ணீர்க் குடத்தோடு நின்ற அவர் மனைவி மருதியைப் பார்த்தான். "குளத்துக்குத் தனியாத்தான் போவாளோ?" என்று கேட்டு, வாளை வைத்துவிட்டுப் போனான்.

பூவணனார் வாளுக்கு எண்ணெய் பூசி, ஊறிய தோலை அதன்மேல் இறுகப் பொதிந்து நிழலில் கிடத்தினார். வடிவம் பிடிக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் வாசலில் படுக்கும் நாய் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் அரண்மனைக்குச் சென்று சேதி சொல்லப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கண்டராயனின் ஆட்கள். ஏளனம் செய்து விரட்டினார்கள்.

"அந்த ஆளு கேட்டபடியே தச்சுக் குடுத்துருங்க. பெரிய இடத்து வம்பு நமக்கெதுக்கு?" என்று மருதி அழுதாள்.

"ஐயன் சந்நிதியில ரத்தம் விழுந்தா, மருதி, அது என் உறையில இருந்து வந்த ரத்தம். அப்புறம் எந்த வாயால அவரு பேரச் சொல்லுவேன்?"

அவர் வளையத்தை வைத்தே தைத்தார்.

திருவாதிரைக் காலையில் கண்டராயன் வந்தான். வளையத்தைக் கண்டதும் கத்தி முனையால் தையலை அறுத்து, அதைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிந்தான். வாளை மூன்று முறை உருவிப் பார்த்தான். ஓசையே இல்லை.

"திரும்பி வந்து உங்களைக் கவனிக்கிறேன்" என்று சொல்லிப் போனான்.

பூவணனார் வளையத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். "அரசே, பின்னால பாருங்க!" என்ற அவர் கதறல் மேளத்தில் அமிழ்ந்தது. காவலர் ஈட்டிக் கட்டையால் அடித்தார்கள். புழுதியில் விழுந்தவர் வளையத்தை இறுகப் பற்றினார். உள்ளே மேளம் நின்றது.

"ஐயனே, என்னால உள்ள வர முடியல. நீதான் உள்ள இருக்கியே!"

கருவறை முன் அதிமாறர் கண்மூடி நின்றார். கண்டராயனின் கை வாளை உருவியது.

சரக்!

கல் மண்டபம் முழுதும் அந்த ஒலி அதிர்ந்தது. அரசர் சட்டென்று விலகித் திரும்பினார். வாள் வெறுந்தரையில் மோதியது. அங்கிருந்தவர்கள் பாய்ந்து கண்டராயனைப் பிடித்தார்கள். அவன் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அறுத்தெறிந்த வளையம் அதன் வாயில் இருந்தது. தைத்த நூலில் ஈரம்கூட இன்னும் காயவில்லை. அர்ச்சகர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். இலிங்கத்தின் அடியில், வில்வத்தின் நடுவே, மெழுகு நூல் கோத்த ஊசி ஒன்று கிடந்தது. அதில் ஆவாரம்பட்டை மணத்தது.

"இந்த உறை யார் தச்சது?" என்று அரசர் கேட்டார்.

வாசலில் பூவணனார் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கையில் வளையம் பதிந்த தடம் மட்டுமே வட்டமாய் இருந்தது. கேட்டறிந்து வாசலுக்கு வந்த அரசர் அவரிடம் உறையை நீட்டினார். பூவணனார் தையலைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது என் தையல் இல்லீங்க. என்னோடதவிட நெருக்கமா இருக்கு."

சொல்லி முடிக்குமுன் அவருக்குப் புரிந்துவிட்டது. உறையை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். இத்தனை நாள் அவரைத் தடுத்த அர்ச்சகர் அந்தக் கறுத்த கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

அடியவர் ஊசி நின்ற இடத்தில் ஆண்டவன் ஊசி எடுத்தான். அந்தப் பூவணனாரின் சாயம் படிந்த கைகளுக்கு எங்கள் வணக்கம்.