பிராக் நகரத்துச் செருப்புக் காவல்

போடிநாயக்கனூரிலிருந்து மூன்று பேர் ஐரோப்பா பார்க்கக் கிளம்பினார்கள் என்றால், ஐரோப்பாவுக்கு நேரம் சரியில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மூவரும் ஏலக்காய் வியாபாரிகள், சிறுவயதுக் கூட்டாளிகள். சென்றாயன் தலைவர். தவசி யோசனை சொல்கிறவர். வெள்ளைச்சாமி இருவருக்கும் தலையாட்டுகிறவர்.

பிராக் நகரத்தில் முதல் நாள் காலை, சுற்றுலா நிறுவனத்தார் ஏற்பாடு செய்த சுடர்க்கொடி என்ற தமிழ்ப்பெண் வந்து புத்தி சொன்னாள்.

"அங்கிள், இங்க ஜேப்படி ஜாஸ்தி. பாக்கெட்ல எதையும் வைக்காதீங்க. அழகெல்லாம் மேலதான் இருக்கு, நிமிந்து பாத்துக்கிட்டே நடங்க. அவசரம்னா போன் பண்ணுங்க."

பாக்கெட்டில் எதையும் வைக்கக்கூடாது அல்லவா? போன், பணம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டிய சாவியை என்ன செய்வது? அது ஒன்றே ஒன்றுதான் என்று அறையை வாடகைக்கு விட்ட பெண் சொல்லிவிட்டு வெளியூர் போயிருந்தாள். சென்றாயன் அதைத் தன் புது ஷூவுக்குள் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. "குத்துனாத்தான் இருக்குன்னு அர்த்தம்" என்று திருப்திப்பட்டார்.

மூவரும் வானத்தைப் பார்த்தபடியே நடந்தார்கள். தவசி ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி, அதனிடம் மன்னிப்புக் கேட்டார். வெள்ளைச்சாமி ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்து, மணமக்களுக்கு நடுவில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்தார். சென்றாயனுக்கு ஊர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பழைய தேவாலயம் ஒன்று வந்தது. சாமி இருக்கிற இடம். மூவரும் வாசலில் ஷூக்களைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மூன்று சுற்று வந்து, விழுந்து கும்பிட்டு எழுந்தபோதுதான் சென்றாயனுக்குக் கால் குத்தவில்லை என்பது உறைத்தது.

"அடேய், சாவி!" என்று வெளியே ஓடினார்.

வாசலில் செருப்பு மலை. அந்த ஊர்க்காரர்கள் ஒழுங்குக்குப் பேர்போனவர்கள். வரிசையாக மூன்று ஜோடியைப் பார்த்ததும் புதுச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, வந்தவர்களில் பலர் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

அந்த மலையைப் பார்த்ததும் சென்றாயனுக்குச் சாவியே மறந்துபோயிற்று. ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் செருப்புக் காவல் அவர்தான்.

"கேவலமாக் கெடக்கு. ஒருத்தன் செருப்ப இன்னொருத்தன் மாட்டிட்டுப் போனா யாரு பொறுப்பு?"

"டோக்கன் போட்டாத்தான் சரி" என்றார் தவசி.

"பேப்பருக்கு எங்க போறது?"

"கையில மேப் இருக்குல்ல?"

வெள்ளைச்சாமி தலையாட்டினார். ஊர் வரைபடம் துண்டு துண்டானது. தங்கியிருந்த தெருவும் அதோடு போயிற்று. வெள்ளைச்சாமி உள்ளே போய், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு வந்தார். வெளியே வந்தவர்கள் துண்டைக் கொடுத்துவிட்டுத் தங்கள் செருப்பைக் காட்டினார்கள். சென்றாயன் எடுத்துக் கொடுத்தார். வியர்த்துக் கொட்டியது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு ஏலக்காய் விலை ஏறியபோதுகூட இருந்ததில்லை.

பொழுது சாய்ந்தது. மலை கரைந்து மூன்று ஜோடி மட்டும் மிஞ்சியது.

"நம்மளுதுதான். எடு, போவோம்" என்றார் தவசி.

"டோக்கன்?"

"நாம எங்கப்பா வாங்குனோம்?"

"அப்பத் தொடாத."

"உன் ஷூவுலதான்டா சாவி இருக்கு!"

சென்றாயன் தன் ஷூவை ஏக்கமாகப் பார்த்தார். "எனக்கும் டோக்கன் இல்லையே. டோக்கன் இல்லாம வந்த கலெக்டருக்கே செருப்பக் குடுக்காதவன் நான். எனக்கு மட்டும் குடுத்தா நாலு பேரு என்ன பேசுவான்?"

வெள்ளைச்சாமி இதற்கும் தலையாட்டினார். மூவரும் வெறும் காலோடு குளிர்ந்த கல்லில் உட்கார்ந்து, யோசித்தார்கள்.

அப்போது உள்ளிருந்து ஒரு கிழவர் வந்தார். காலில் தடித்த பூட்ஸ். அவர் எதையும் கழற்றியவரே இல்லை. ஆனால் கையில் வெள்ளைச்சாமி கொடுத்த துண்டு இருந்தது. இதை என்ன செய்வது என்று கேட்பதுபோல நீட்டினார்.

சென்றாயன் எழுந்து நின்றார். துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார். அசல் டோக்கன். மிஞ்சிய மூன்று ஜோடியில் எது இவருடையது? பெரிய மனுஷர், நல்லதாகத்தான் இருக்கும். இருப்பதிலேயே புதியதை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். அது சென்றாயனின் சொந்த ஷூ. கிழவர் மரியாதை தெரிந்தவர். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு, வந்துகொண்டிருந்த டிராமில் ஏறிப் போய்விட்டார்.

தவசி போகிற டிராமைக் கைகாட்டினார். "டேய் சென்றாயா... சாவி..."

சென்றாயன் கையைத் தட்டி உதறிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாவி கெடக்கட்டும்டா. இம்புட்டுக் கூட்டத்துல ஒரு ஜோடியாச்சும் மாறிப் போச்சா, சொல்லு பாப்போம்!"