வவ்வால் ஏன் இன்னும் கீழ இறங்கல

வாய் இருக்கிற எல்லாமே பேசிக்கிட்டு இருந்த அந்தக் காலத்துல, வவ்வாலும் குருவி மாதிரி நிமிர்ந்துதான் உட்காரும். அப்படி ஒரு வவ்வால், வயித்துல ஒட்டின குட்டியோட, ஒரு மலைக்குகையில குடியிருந்துச்சு. வாய் மட்டும் சும்மாவே இருக்காது. மழை பெஞ்சா மழையோட சண்டை, இல்லன்னா வெயிலோட.

அந்தக் குகையைத்தான் சமணக் கோயிலாக் குடைய வந்தான் கொற்றன்னு ஒரு சிற்பி. சுவத்துல தீர்த்தங்கரரைச் செதுக்கி, தலைக்கு மேல ஒண்ணுமேல ஒண்ணா மூணு குடை வச்சான்.

"குகைக்குள்ள மழையே பெய்யாது. இவருக்கு எதுக்குய்யா மூணு குடை?"ன்னுச்சு வவ்வால்.

கொற்றனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா என்ன செய்வான்? கோயிலைக் குடையச் சொன்ன குரத்தியார், அதான் அந்தத் துறவியம்மா, எறும்பு மிதிபடுமேன்னு மயில்பீலியால தரையைக் கூட்டிக் கூட்டி நடக்கிறவங்க. கல் எறியக் கூடாது, புகை போடக் கூடாது, கம்பை ஓங்கக்கூடக் கூடாது. வாயால ஜெயிச்சுத்தான் வவ்வாலை வெளிய அனுப்பணும். அதுகிட்டயா!

கடைசியாக் கூரை நடுவுல பெரிய தாமரை ஒண்ணு செதுக்கி முடிச்சான். பாக்கக் குரத்தியாரும் வந்து நின்னாங்க.

"யோவ் கொற்றா, பூ தலைகீழா இருக்கு."

"கூரைத் தாமரைன்னா அப்படித்தான்."

"எந்தக் குளத்துலய்யா பாத்தே இப்படி?"

"ஒரு இதழ் தப்புன்னு காட்டு, உளியைப் போட்டுட்டு ஊருக்குப் போறேன். தப்பே இல்லன்னா நீ குட்டியோட கிளம்பணும்."

வெளிய இடி உருண்டுச்சு. குட்டி இன்னும் இறுக்கிப் பிடிச்சுச்சு. அதுக்காகப் பின்வாங்கினா அது வவ்வாலா?

"சரி. மேல போய்ப் பாக்கிறேன். தப்பு இல்லன்னா, கீழ இறங்கின உடனே கிளம்பிடறேன். அம்மா, நீங்க சாட்சி."

குரத்தியார் தலையாட்டினாங்க.

வவ்வால் பறந்துபோய், தாமரைக்குப் பக்கத்துல காலால பிடிச்சுத் தொங்கிச்சு. உலகமே புரண்டுச்சு. கூரை தரையாச்சு. தாமரை அப்பதான் பூத்த மாதிரி நேரா நின்னுச்சு. ஒவ்வொரு இதழா மோந்து பாத்துச்சு. ஒரு குறை இல்ல. பொறந்ததுல இருந்து மொத தடவையா அதுக்குப் பேச்சு வரல.

"என்ன, சத்தத்தையே காணோம்?"ன்னு கொற்றன் சிரிச்சான்.

"நல்லாத்தான்யா இருக்கு."

"அப்போ கிளம்பு."

வவ்வால் பிடியை விடப் போச்சு. குட்டியைப் பாத்துச்சு. விடல.

"எப்போ கிளம்பறேன்னு சொன்னேன்?"

"கீழ இறங்கின உடனே."

"இறங்கிட்டேனா?"

"அம்மா, இது அநியாயம்!"

"சொன்ன சொல்லு அதானேப்பா." குரத்தியார் மயில்பீலியால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. "ஏன்டியம்மா, பசிச்சா என்ன பண்ணுவே?"

"பூச்சி விழுந்து சாகுமேன்னு நீங்கதான் பொழுது சாஞ்சா விளக்கே ஏத்தறதில்லையே. அந்த இருட்டுல பறந்து போய் இலுப்பைப்பழம் தின்னுட்டு, திரும்பவும் இங்கயே வந்து தொங்குவேன். தரையில கால் வச்சா கேளுங்க."

கொற்றன் தலையில அடிச்சுக்கிட்டான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "இருந்து தொலை. என் தாமரையை நேராப் பாக்கவும் ஒரு ஆள் வேணுமில்ல."

அன்னையில இருந்துதான் வவ்வால் தலைகீழாத் தொங்குது, பழைய மண்டபமாப் பாத்துக் குடியேறுது, இருட்டினப்புறம் வெளிய கிளம்புது. நீங்க உள்ள நுழைஞ்சதும் மேல கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குதே, அது வேற ஒண்ணுமில்ல. "இறங்கிட்டேனா?"ன்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு.