பதினாறடி மரமும் எட்டடி வண்டியும்

மலையடிவாரத்து மடத்தில் உமையாள் அம்மைதான் குரு. நாற்பது வயது. சீடர் திருமேனிக்கு அறுபது தாண்டிவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் வண்டி விற்கும் கடையில் கழித்தவர். எந்த பிக்கப் வண்டி எவ்வளவு தாங்கும், எதன் பின்னால் சுமை ஏற்றும் பாடி எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன்னைப் பற்றிக் கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தீட்சையன்று அவர் கட்டிக்கொள்ள ஒரு செங்காவித் துண்டு மடத்தில் நெடுநாளாக மடித்துக் கிடந்தது. தீட்சைக்கு அம்மை கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்.

"முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா அம்மா? இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்."

அந்த வருஷம் மலைமேல் இருந்த ஊரின் மரப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலத்துக்கான பனைமரங்கள் பதினாறடி நீளத்தில் வெட்டி மடத்து வாசலில் கிடந்தன. மழைக்கு முன்னால் மேலே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியைக்கூடக் கீழே கொண்டுவர வழியில்லை. வண்டி அமர்த்தும் பொறுப்பு திருமேனிக்கு.

அவர் வண்டி பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று காலை ஒரு பிக்கப் வந்து நின்றது. திருமேனி டேப்பை நீட்டி அதன் பாடியை மறுபடி மறுபடி அளந்தார். ஓட்டுநர் பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு நேரம் பாக்கமாட்டாங்க ஐயா. ஏத்தவா, கிளம்பவா?"

சத்தம் கேட்டு அம்மை வெளியே வந்தார்.

"என்ன ஐயா யோசனை?"

"இது மலை நல்லா ஏறும் அம்மா. நம்ம சுமையைத் தாராளமாத் தாங்கும். ஆனா பாடி எட்டடிதான்."

"நீள வண்டி?"

"மரம் முழுசும் அடங்குற லாரி இருக்கு. கொண்டை ஊசி வளைவுல திரும்பாது."

"மரமும் அடங்கணும், வளைவுலயும் திரும்பணும்."

"அப்படி ஒண்ணைத்தான் தேடுறேன் அம்மா."

"இருக்கா?"

திருமேனி டேப்பைச் சுருட்டினார். மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அம்மை எட்டடி வண்டியைக் காட்டினார்.

"இதுலயே ஏத்தினா என்ன ஆகும்?"

"கனம் பின்னால போயிட்டா, ஏத்தத்துல முன்சக்கரம் தூக்கிடும்."

"தூக்காம இருக்க?"

"கேபினுக்கு மேல சட்டம் கட்டணும். மரத்தோட அடிப்பக்கம்தான் கனம், அது முன்னால வரணும். கயித்தை நல்லா இறுக்கி, வளைவுல ஆள் இறங்கி வழி பாத்து, நிதானமாப் போனா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"போனா?"

"போயிடலாம் அம்மா. ஆனா முன்னால நாலடி கேபின்மேல போனாலும், பின்பக்கம் நாலடி வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும்."

"ஏத்துங்க," என்றார் அம்மை.

ஏற்றினார்கள். திருமேனியே சட்டம் கட்டினார், கயிறு முறுக்கினார். பரஞ்சோதிக்கு ஒரு முடிச்சு போடக்கூட இடம் கொடுக்கவில்லை. வேலையில் இறங்கியதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

அதற்குள் அம்மை உள்ளே போய்விட்டு வந்தார். கையில் இருந்த துணியை, நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் நுனியில் கட்டினார்.

திருமேனி பதறிப்போனார். "அம்மா, அது எனக்கு வச்சிருந்த காவி ஆச்சே!"

"சுமை வண்டியைவிட நீளமா இருக்கே ஐயா. சிவப்புத் துணி கட்டாம எப்படி அனுப்புறது?"

பரஞ்சோதி வண்டியைக் கிளப்பினான். திருமேனி அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மரத்தை இறக்கினதும் துண்டை அவுத்து பத்திரமாக் கொண்டுவந்து கொடுத்துடுறேன் அம்மா."

"கொடுக்க வேண்டாம். நீங்களே கட்டிக்கிட்டு வாங்க. உங்க சுமையும் உங்களைவிட நீளம்தானே."